வேல்ஸ் பாட்டும் பழங்கதையும்: புதிதாக வந்தவர்கள் எங்கே, எப்போது, எப்படித் தொடங்குவது

வேல்ஸுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்துவிட்டு, இந்த ஊர்ப் பாட்டையும் கதையையும் தெரிந்துகொள்ளலாம் என்று தேடினால் இரண்டே வகைத் தகவல்தான் கையில் சிக்கும். ஒன்று, சுற்றுலாத் துண்டுப் பிரசுரம்: சிவப்பு டிராகன், ஒரே நிறக் கோட்டுப் போட்ட ஆண்கள் வாய் திறந்து நிற்கும் படம். இன்னொன்று, ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர்களுக்கான அறிவிப்பு: ஊர் மண்டபம், இரவு ஏழு மணி, அவ்வளவுதான், அதுவும் வெல்ஷ் மொழியில். நடுவில் நிற்கும் நமக்கு ஒருவரும் வரிசையாகச் சொல்வதில்லை. பலரிடம் கேட்டும் அலைந்தும் நான் சேர்த்த வரிசை இது.

முதலிலேயே ஒன்று. இதற்குப் பணம் பெரிதாக ஆகாது. பாதிக்கு மேல் இலவசம். ஆனால் நாள் தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். சில வகைப் பாட்டு டிசம்பரிலும் ஜனவரியிலும் மட்டுமே பாடப்படும். பெரிய விழா ஆகஸ்டில் ஒரு வாரம்தான். ஆகவே 6, 7ஆம் படிகளில் உள்ள மாதங்களை இப்போதே கைப்பேசியில் குறித்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

1. எழுத்தைப் பழகுங்கள்

வெல்ஷ் சொற்களைப் பார்த்தால் உயிரெழுத்தே இல்லாத மாதிரி மிரட்டும். ஆனால் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்ற ஆங்கிலத் தொல்லை இதில் குறைவு. ஒரு மாலை உட்கார்ந்தால் போதும்.

டபிள்யூ பெரும்பாலும் ‘உ’. ஒய் சில இடத்தில் ‘இ’, சில இடத்தில் குறுகிய ‘அ’. எஃப் ஒன்று வந்தால் ‘வ்’, இரண்டு வந்தால் ‘ஃப்’. இரட்டை டி நமக்குச் சுலபம்: ‘அது’ என்று சொல்லும்போது வரும் த ஒலிதான். இரட்டை எல் மட்டும் கொஞ்சம் பயிற்சி கேட்கும். ‘ல’ சொல்வதுபோல் நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை ஊதுங்கள். இந்தக் கட்டுரையில் அதை ‘ஹ்ல’ என்று எழுதியிருக்கிறேன்.

எழுத்தை ஏன் முதலில் வைத்தேன் என்றால், தேடும்போது மாட்டிக்கொள்வது இங்கேதான். வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்து, முன்னால் நிற்கும் சொல்லைப் பொறுத்து மாறும். அன்புக்குரியவரைக் குறிக்கும் ‘கரியாட்’ ஒரு பாட்டின் தலைப்பில் ‘ஙஹரியாட்’ என்று நிற்கும். அகராதியில் அந்த எழுத்தில் தேடினால் ஒன்றும் வராது. நமக்குப் புணர்ச்சி புதிதல்ல. ஆனால் நம் மொழியில் வருமொழியின் முதலெழுத்து இப்படி ஆளே மாறிப்போவது குறைவு. சொல்லின் முதலெழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

2. காசில்லாமல் கேட்கத் தொடங்குங்கள்

பிபிசி சவுண்ட்ஸ் செயலியில் கணக்குத் திறக்க மின்னஞ்சலும் பிறந்த தேதியும் அஞ்சல் குறியீடும் போதும். அதில் ரேடியோ கம்ரி, ரேடியோ கம்ரி 2 என்ற வெல்ஷ் மொழி வானொலிகள் இரண்டும் கிடைக்கும். பகலில் பேச்சு அதிகம். பாட்டுக்கு மாலைக்கு மேலும் வார இறுதியிலும் திறந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ‘கன்யாடைத் அ கசெகர்’ என்ற தேவாலயப் பாடல் நிகழ்ச்சி வரும், 1942இலிருந்து ஓடுகிறது. நான்கு குரல்கள் சேர்ந்து பாடும் பழைய பாணியைக் காதில் ஏற்றிக்கொள்ள அதைவிட எளிய வழி இல்லை.

இங்கே ஒரு பொறி. வானொலி கேட்க டிவி உரிமம் வேண்டாம். ஆனால் பிபிசி ஐபிளேயரில் எதைப் பார்த்தாலும் வேண்டும். வெல்ஷ் தொலைக்காட்சியான எஸ்4சியை நேரலையில் பார்த்தாலும் வேண்டும், அது கைப்பேசியில் என்றாலும். 2025 ஏப்ரலில் இந்தக் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டு, ஏப்ரல் தோறும் ஏறும் வாய்ப்பு உண்டு. விடுதி அறையில் தங்கும் மாணவர்கள், பொதுக்கூடத்து டிவிக்கு உரிமம் இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிடக்கூடாது. உங்கள் அறைக்குத் தனியாக வேண்டும். வானொலி மட்டும் போதும் என்றால், உரிமம் தேவையில்லை என்று இணையத்தில் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிவப்பு எழுத்துக் கடிதம் வந்துகொண்டே இருக்கும். எஸ்4சி யூடியூபில் போட்டு வைத்திருக்கும் பாட்டுத் துண்டுகளுக்கு உரிமம் தேவையில்லை.

3. எந்த வரிசையில் கேட்பது

எல்லோரும் ஆண்கள் பாடகர் குழுவில் தொடங்குவார்கள். தவறில்லை, ஆனால் பதிவில் கேட்காதீர்கள். அறுபது எழுபது பேர் ஒரே மூச்சில் இறங்கும் கனம் காதுக்கருவியில் வராது. குழுக்கள் வாரநாள் மாலைகளில் ஒத்திகை பார்ப்பார்கள். பல குழுக்கள் பார்வையாளர்களை இலவசமாகவே உட்கார விடுகின்றன. ரொண்டா பள்ளத்தாக்கின் ட்ரியோர்க்கி குழு இவற்றில் பேர்போனது. முன்கூட்டி ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுக்கொண்டு போவது மரியாதை. ஆகஸ்டில் பல குழுக்களுக்கு விடுமுறை. கச்சேரியைவிட ஒத்திகைதான் எனக்குப் பிடிக்கும்: பாதியில் நிறுத்துவார்கள், கீழ்க்குரல்களை மட்டும் தனியே பாட வைப்பார்கள், ஒரு பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்ணெதிரே தெரியும். 1875இல் வந்த ஜோசஃப் பாரியின் ‘மவான்வி’யை அப்படிக் கேளுங்கள்.

அடுத்து நாட்டுப்பாட்டு. ‘ஆர் லான் அ மோர்’, அதாவது கடற்கரையில் என்று தொடங்கும் பாட்டு, முதல் பாட்டாக வைத்துக்கொள்ளத் தோதானது. மெட்டு எளிது; முதல் மூன்று வரிகளும் கடற்கரையில் என்றே தொடங்கும்; இரண்டு முறை கேட்டால் கூடவே முணுமுணுக்கலாம். எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதை எடுப்பார், நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

அப்புறம் யாழுக்கு வாருங்கள். மேற்கத்திய இசைக்குழுவில் பார்க்கும் பெடல் வைத்த யாழ் அல்ல. ‘டெலின் டெய்ரெஸ்’ எனும் மூவரிசை யாழ். மூன்று வரிசை நரம்புகள் அடுத்தடுத்து நிற்கும். வெளி வரிசைகள் இரண்டிலும் ஒரே சுரங்கள். நடு வரிசையில் அரைச் சுரங்கள். அரைச் சுரம் வேண்டுமென்றால் வெளி நரம்புகளுக்கு ஊடே விரலை நுழைத்து நடு நரம்பைச் சுண்ட வேண்டும். இரு கைகளும் ஒரே சுரத்தை எதிரெதிர் வரிசைகளில் மாற்றி மாற்றித் தட்டும்போது ஓர் உருட்டல் வருமே, அதுதான் இந்த வாத்தியத்தின் கையெழுத்து. நான்சி ரிச்சர்ட்ஸின் பழைய பதிவுகளைத் தேடுங்கள். 1888இல் பிறந்து 1979 வரை வாழ்ந்தவர். அவரிடம் கற்ற ஹ்லியோ ரதெர்க்கின் பதிவுகள் தெளிவாகக் கிடைக்கின்றன. ‘க்ரூத்’ என்ற ஆறு நரம்பு வில்வாத்தியத்தையும் ஒருமுறை கேளுங்கள். அதன் நரம்புகளைத் தாங்கும் பாலத்தின் ஒரு கால், ஒலித்துளை வழியாக இறங்கிப் பின்பலகையைத் தொட்டு நிற்கும். சத்தம் கரகரப்பாக இருக்கும், எல்லோருக்கும் பிடிக்காது.

‘கெர்த் டான்ட்’ என்ற வகை மட்டும் முதலில் குழப்பும். யாழ் ஒரு மெட்டை வாசித்துக்கொண்டே போகும். பாடகர் சில அடி பொறுத்து, அதன்மேல் முற்றிலும் வேறொரு மெட்டில் கவிதையைப் பாடத் தொடங்குவார். இருவரும் ஒரே இடத்தில் முடிக்க வேண்டும். பாடகர் தாளத்தை விட்டுவிட்டார் என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், அதுதான் வித்தையே.

இன்றைய இசைக்கு நீண்ட பட்டியல் தரப்போவதில்லை. சூப்பர் ஃபரி அனிமல்ஸின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்பு ‘முங்’, 9பாக் குழுவின் 2014 தொகுப்பு ‘டிங்க்யான்’, வ்ரீ என்ற நரம்பிசை மூவர், கார்மார்தன் பெண்கள் மூவரின் அத்வைத் குழு. இந்த நான்கில் உங்களுக்கு எது ஒட்டுகிறதோ அந்தத் திசையில் போங்கள். நம் பக்கத்து வாசல் வழியாக வர விரும்பினால் ‘கஸலாவ்’: கஸல் பாடகர் தௌசீஃப் அக்தரும் வெல்ஷ் பாடகி குவினெத் க்ளினும் சேர்ந்து செய்த 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு. உருதுவும் வெல்ஷும் அடுத்தடுத்து வரும்.

வாங்குவதானால் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்குங்கள், கலைஞருக்குப் போகும் பங்கு அதிகம். பழைய பதிவுகளுக்கு 1969இல் தொடங்கிய சைன் நிறுவனத்தின் பட்டியலைப் பாருங்கள்.

4. கதைகள்: எந்தப் பதிப்பு, எந்த வரிசை

வெல்ஷ் பழங்கதைகளில் தலையாயது ‘மபினோகி’யின் நான்கு கிளைகள். அவற்றோடு இன்னும் ஏழு கதைகளைச் சேர்த்து மபினோகியன் என்று ஒரே நூலாக விற்பார்கள். ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். இரண்டு பதிப்புகளைப் பற்றித் தெரிந்தால் போதும். 19ஆம் நூற்றாண்டில் சார்லட் கெஸ்ட் செய்த மொழிபெயர்ப்பு காப்புரிமை தீர்ந்தது, குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். ஆனால் நடை பழையது, படுக்கையறை சமாச்சாரங்களை மழுப்பியிருப்பார். ஷோனெட் டேவிஸின் 2007 மொழிபெயர்ப்பு, இவை சொல்லிக் கேட்ட கதைகள் என்பதை மனதில் வைத்துச் செய்தது. வாய்விட்டுப் படித்தால் ஓடும். புதிதாக வாங்கினால் பத்துப் பவுண்டு பக்கம்; நூலகத்தில் சும்மா கிடைக்கும். இலவசம் என்பதற்காகக் கெஸ்டில் தொடங்காதீர்கள். பாதியில் மூடி வைக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித் தொடங்கியவர்கள்தான்.

வரிசை: முதல் கிளை, இரண்டாம் கிளை, நான்காம் கிளை, பிறகு மூன்றாவது. நான்கும் நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆர்தர் அரசன் வருகிறானே என்று ‘கில்ஹுக் – ஓல்வென்’ கதைக்குப் பாய்பவர்கள் உண்டு. அதில் ஆர்தரின் வீரர்கள் பெயர்ப் பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். கடைசியில் படித்தால் ரசிக்கலாம், முதலில் படித்தால் தூக்கம் வரும்.

முதல் கிளையில் ஓர் இடம். டவெட் நாட்டு அரசன் புய்ஹ்ல், ஆர்பெர்த் மேட்டில் உட்கார்ந்திருக்கிறான். அந்த மேட்டில் உட்காரும் உயர்குடியினர் அடி வாங்காமல் அல்லது அதிசயம் பார்க்காமல் எழுந்ததில்லை. வெண்குதிரையில் ஒரு பெண் மெதுநடையாய்ப் போகிறாள். ஆளை அனுப்பிப் பிடிக்கச் சொல்கிறான். விரட்ட விரட்டத் தூரம் கூடுகிறது, அவளோ நடையை மாற்றவேயில்லை. கடைசியில் அவனே துரத்தி, முடியாமல், நில்லேன் என்று கேட்கிறான். நிற்கிறேனே, இதை முன்பே கேட்டிருந்தால் குதிரைக்கு நல்லதாய் இருந்திருக்கும் என்கிறாள். அவள்தான் ரியானன். இந்த ஒரு பதிலுக்காகவே நான் முதல் கிளையை முதலில் வைக்கிறேன்.

இரண்டாவது துயரக் கதை. பிரான்வென் அயர்லாந்து அரசனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், அண்ணன் தம்பிகளில் ஒருவன் செய்த அவமானத்துக்காக அங்கே அடுக்களையில் அடிபடுகிறாள். ஒரு மைனா இனப் பறவையை வளர்த்து, பேசப் பழக்கி, சிறகடியில் கடிதம் கட்டி அண்ணனுக்கு அனுப்புகிறாள். எந்தக் கப்பலும் கொள்ளாத பேருருவன் பென்டிகெய்ட்வ்ரான் கடலில் இறங்கி நடந்தே வருகிறான். வழியில் ஆற்றைக் கடக்கப் படை தவிக்கும்போது, தலைவன் எவனோ அவன் பாலமாகட்டும் என்று சொல்லிக் குறுக்கே படுத்துக்கொள்கிறான். ‘ஆ வோ பென் பிட் போன்ட்’: இன்றும் பழமொழியாகப் புழங்குகிறது. ஊர்க்காரர்களிடம் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

நான்காம் கிளையில் பூக்களால் ஒரு பெண்ணைச் செய்து, பிறகு ஆந்தையாக்குவார்கள். மூன்றாவதில் திருட்டுக் குற்றத்துக்காக ஓர் எலியைத் தூக்கிலிடத் தூக்குமரம் நட்டுக்கொண்டிருப்பான் ஒருவன். பிஷப் ஒருவர் வந்து அந்த எலிக்காகப் பேரம் பேசுவார்.

இவை ஏட்டில் ஏறிய கதைகள். ஊர்வாய்க் கதைகள் தனி. பெத்கெலெர்ட் கிராமத்து கெலெர்ட் நாயின் கதையைக் கேட்டதும் நமக்குத் தூக்கிவாரிப்போடும்: தொட்டில் குழந்தையைக் காக்க ஓநாயைக் கொன்ற நாயை, வாயில் இரத்தம் பார்த்து எசமானன் வெட்டிவிடுகிறான். நம் கீரிப்பிள்ளை கதைதான். பஞ்சதந்திரத்தில் இருப்பது, சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலும் வருகிறது. நாட்டுக்கு நாடு விலங்கு மட்டும் மாறி உலகம் சுற்றிய கதை. அங்கே இருக்கும் நாயின் சமாதி, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊர் விடுதிக்காரர் ஒருவர் வியாபாரத்துக்காக எழுப்பியது என்றே சொல்கிறார்கள். கதையை ரசியுங்கள், கல்லை வரலாறு என்று நம்ப வேண்டாம்.

5. அட்டைகளும் ஆவணங்களும்

உள்ளாட்சி நூலக அட்டை: இலவசம். பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று காட்டினால் முடிந்தது. அதே அட்டை எண்ணில் பாரோபாக்ஸ் செயலியில் மின்னூலும் ஒலிநூலும் கிடைக்கும்.

அபெரிஸ்ட்வித்தில் உள்ள தேசிய நூலகம்: வாசகர் அட்டையும் இலவசம். அடையாளத்துக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் ரதெர்க் வெள்ளைப் புத்தகம், அதாவது மபினோகி கதைகள் உள்ள பழஞ்சுவடி, இங்கேதான் இருக்கிறது. இலக்க வடிவில் வீட்டிலிருந்தே பக்கம் புரட்டலாம். சுவடியைப் பார்க்க மட்டும் என்றால் பயணமே தேவையில்லை. ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் கேட்க வேண்டியதற்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

புதிதாக வந்தவர்கள் சிக்குவது முகவரிச் சான்றில். பழைய பிஆர்பி எனும் குடியிருப்பு அனுமதி அட்டை போய் இப்போது மின்விசா. அதில் உங்கள் முகவரி தெரியாது. கடவுச்சீட்டு அடையாளத்துக்கு ஆயிற்று, முகவரிக்கு? ஒரு மேசையில் வங்கிச் செயலியிலிருந்து அச்சிட்ட தாளை எனக்கு ஏற்கவில்லை; வங்கி தபாலில் அனுப்பிய கடிதம்தான் வேண்டும் என்றார்கள். கவுன்சில் வரிக் கடிதம், பல்கலைக்கழகம் முகவரியோடு தரும் கடிதம், வாடகை ஒப்பந்தம், இவற்றில் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

6. எந்த மாதம் என்ன

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை: பிளகைன். இதைத் தவறவிடாதீர்கள். நடு வேல்ஸின் பழைய மான்ட்கமரிஷயர்ப் பகுதியிலும் அதன் எல்லையை ஒட்டியும், ஹ்லான்விஹாங்கெல் அங் ஙுய்ன்வா, மஹ்லுய்ட் போன்ற சிற்றூர்க் கோயில்களில் நடக்கும். சின்ன ஆராதனை முடிந்ததும், பிளகைன் திறந்திருக்கிறது என்று போதகர் அறிவிப்பார். அதன்பின் அறிவிப்பே கிடையாது. ஒரு குடும்பம், மூன்று நண்பர்கள், ஒரு தனியாள் என்று இருக்கையிலிருந்து எழுந்து முன்னே வருவார்கள், சுருதிக்கவையைத் தட்டிக் காதில் வைப்பார்கள், வாத்தியமே இல்லாமல் நீண்ட கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைப் பாடுவார்கள், போய் உட்கார்ந்துவிடுவார்கள். கைத்தட்டல் இல்லை. எல்லோரும் ஒரு சுற்று முடித்ததும் அதே வரிசையில் இரண்டாவது சுற்று. ஒருவர் பாடியதை அன்றைக்கு இன்னொருவர் பாடக்கூடாது. முடிவில் பாடிய ஆண்கள் எல்லோரும் சேர்ந்து ‘விருந்துப் பாட்டு’ பாட, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. கட்டணம் இல்லை, காணிக்கைத் தட்டு வரும். கோயில் உள்ளே குளிரும், கோட்டைக் கழற்ற வேண்டியிராது. இரண்டு மணி நேரம் ஆகும். இரவில் அந்த ஊர்களிலிருந்து பேருந்து கிடையாது. கார் வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள். கையைத் தட்டிவிடாதீர்கள் என்று அவரிடமும் சொல்லிவையுங்கள்.

அதே காலத்தில் தெற்கே மரி லுய்ட்: குதிரை மண்டையோட்டைக் கம்பில் செருகி, வெள்ளைத் துணி போர்த்தி, வீடு வீடாகப் போய் வாசலில் நின்று பாட்டாலேயே வாக்குவாதம் செய்வார்கள். உள்ளே இருப்பவர்கள் பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும். தோற்றால் கதவைத் திறந்து சாப்பாடு போட வேண்டும். கிளமோர்கன் பகுதியின் ஹ்லான்கனுய்ட் ஊர் இதற்குப் பேர்போனது.

பிப்ரவரி: வெல்ஷ் இசை நாள், பல ஊர்களில் இலவசக் கச்சேரி. மார்ச் 1: தாவீது புனிதர் நாள். மே கடைசி: சிறுவர் சிறுமியருக்கான ஊர்த் ஐஸ்டெத்வோட் (ஐஸ்டெத்வோட் என்றால் பாட்டும் கவிதையும் போட்டியாக நடக்கும் விழா). கோடையில் கார்டிஃப் நகரில் டாவ்வில் விழா, முழுக்க இலவசம், கையில் காசில்லாத மாணவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஜூலையில் ஹ்லங்கொஹ்லெனில் 1947 முதல் நடக்கும் பன்னாட்டு இசைவிழா, டொல்கெஹ்லாய் ஊரில் செஷுன் வவுர் விழா. நவம்பரில் ஒரு நாள் கெர்த் டான்ட் விழா, வருடத்துக்கு ஓர் ஊர். கதைசொல்லலுக்கென்றே 1993இல் தொடங்கிய பியாண்ட் த பார்டர் விழா எல்லா ஆண்டும் நடப்பதில்லை. தேதியைப் பார்த்துவிட்டு விடுப்புக் கேளுங்கள்.

மற்ற நாட்களில் கார்டிஃபில் 1983 முதல் இருக்கும் க்ளுப் இவோர் பாக், பெத்தெஸ்தாவில் நியாத் ஓக்வென் இரண்டின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பின்தொடருங்கள். சாதாரணக் கச்சேரிக்குப் பத்திலிருந்து இருபது பவுண்டு.

7. தேசிய ஐஸ்டெத்வோட்

ஆகஸ்ட் முதல் வாரம், சனியிலிருந்து சனி வரை, ஓராண்டு வடக்கே ஓராண்டு தெற்கே. 2024இல் பொன்டப்ரித், 2025இல் ரெக்ஸம், 2026இல் ஆகஸ்ட் 1 முதல் 8 வரை பெம்புரோக்ஷயரின் வடக்கில் ஹ்லான்டுட். பெயர்க் குழப்பம் வேண்டாம்: ஊர்த் வேறு, ஹ்லங்கொஹ்லென் வேறு, இது வேறு. சீட்டு வாங்கும்போது பெயரை இருமுறை பாருங்கள்.

பெரியவர்களுக்கு நாள் சீட்டு இருபதிலிருந்து முப்பது பவுண்டுக்குள். முன்கூட்டி வாங்கினால் குறைவு. இரவில் இளைஞர்கள் ஆடும் மைஸ் பி திடலுக்குத் தனிச் சீட்டு. விழாவின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள்.

தங்குமிடம்தான் பெரிய தலைவலி. விழா நடக்கும் ஊரில் ஓராண்டுக்கு முன்பே அறைகள் போய்விடும். கூடாரம் போடும் இடத்துக்குப் பதிவு தொடங்கும் நாளை விழாவின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்தால் தெரிந்துகொள்ளலாம். ஹ்லான்டுட்டுக்குப் பக்கத்து நகரம் கார்டிகன். அங்கே ரயிலே கிடையாது. கார்மார்தனில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

மேடையில் முழுக்க வெல்ஷ்தான். பயப்பட வேண்டாம், பெரிய அரங்கில் உடனடி மொழிபெயர்ப்புக் காதுக்கருவி இலவசமாகத் தருவார்கள். போட்டிகளை எல்லாம் பார்க்க உட்கார்ந்தால் களைத்துப்போவீர்கள். நாட்டுப்பாட்டுக்கு டீ குவெரின் கூடாரத்தில் காலையிலேயே இடம் பிடித்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

ஒரே நாள்தான் போக முடியும் என்றால் வெள்ளிக்கிழமை போங்கள். அன்றுதான் போட்டியில் வென்ற கவிஞருக்கு நாற்காலி தரும் சடங்கு. வென்றவர் யார் என்று அவருக்கும் நடுவர்களுக்கும் அமைப்பாளர்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அரங்கு இருட்டாகும், எக்காளம் ஒலிக்கும், புனைபெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்வார்கள். கூட்டத்தில் எங்கோ ஓர் ஆள் எழுவார், விளக்கு அவர்மேல் விழும். மேடையில் பெரிய வாளைப் பாதி உருவி, அமைதி உண்டா என்று மூன்று முறை கேட்பார்கள். ஆயிரக்கணக்கானோர் ‘ஹெத்துக்’, அமைதி, என்று முழங்குவார்கள். எழுதியது தரமாக இல்லையென்றால் நாற்காலியை யாருக்குமே தராமல் விடுவதும் உண்டு. சடங்கின்போது கதவை மூடிவிடுவார்கள், அரை மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள்.

8. கதை நடந்த இடங்கள்

வரைபடத்தைப் பார்த்து, கார்டிஃபிலிருந்து அபெரிஸ்ட்வித் பக்கம்தானே என்று கிளம்பாதீர்கள். நேர் ரயில் கிடையாது. இங்கிலாந்துக்குள் ஷ்ரூஸ்பரி வரை போய்த் திரும்பி வர வேண்டும், நாலு மணி நேரத்துக்கு மேல். கார்மார்தன் வரை ரயில், அங்கிருந்து டி1 பேருந்து என்பது இன்னொரு வழி. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பாதையில் ரயில்கள் மிகக் குறைவு.

ஹார்லெக்: பென்டிகெய்ட்வ்ரானின் வெட்டுண்ட தலையோடு ஏழு பேர் ஏழாண்டு விருந்துண்ட இடம் என்கிறது கதை. கோட்டை வாசலருகே இறந்த சிறுவனைச் சுமக்கும் குதிரைவீரன் சிலை இருக்கிறது. கோட்டைக்குள் போகத்தான் கட்டணம், சிலையைப் பார்க்க இல்லை. ரயில் நிலையத்திலிருந்து ஏற்றம் செங்குத்து.

போர்த்: குடிகாரக் காவலன் மதகை மூட மறந்ததால் கடல் கொண்ட நாடு என்று கதை. வற்றம் அதிகமாக இருக்கும் நாட்களில், குளிர்காலப் புயலுக்குப் பிறகு மணல் விலகியிருந்தால், நாலாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மரக்கட்டைகள் கரையில் தலைநீட்டும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் போனால் வெறும் மணல்தான்.

ஹ்லின் அ வான் வாக்: ஏரியிலிருந்து எழுந்து வந்து மணந்தவள், காரணமில்லாமல் மூன்று அடி பட்டால் திரும்பிவிடுவேன் என்று சொன்ன இடம். கல்யாண வீட்டில் அழுததற்கும் சாவு வீட்டில் சிரித்ததற்கும் சேர்த்து மூன்று முறை கணவன் லேசாகத் தட்டியதைக் கணக்கில் வைத்தாள்; மாட்டு மந்தையோடு நீருக்குள் போய்விட்டாள். கார் இல்லாமல் போவது கஷ்டம். நிறுத்துமிடத்திலிருந்து கப்பிப் பாதையில் மேலே நடக்க வேண்டும், நல்ல காலணி தேவை.

எங்கும் போக நேரமில்லாதவர்கள் கார்டிஃபுக்கு வெளியே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகம் போங்கள். நுழைவு இலவசம், கார் நிறுத்தத்துக்கு மட்டும் கட்டணம். நகரப் பேருந்தே போகும். அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிந்த நாட்டுப்பாட்டும் கதையும் அவர்கள் இணையதளத்தில் கேட்கக் கிடைக்கின்றன.

9. கூடப் பாட, வாசிக்க

வெல்ஷ் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா என்று கேட்டால், ரசிக்க வேண்டாம், சேர்ந்து பாட வேண்டும். வெல்ஷ் கற்பிக்கும் அமைப்பான டஸ்கி கம்ரைக் நடத்தும் தொடக்க நிலை வகுப்புகள் செப்டம்பரை ஒட்டித் தொடங்கும். ஜனவரியிலும் சில உண்டு. 16 முதல் 25 வயது வரை இலவசம். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு நூறு பவுண்டு பக்கம், கோடையிலேயே பதிந்தால் தள்ளுபடி கிடைக்கும். வடக்குப் பேச்சு, தெற்குப் பேச்சு என்று இரண்டு பாடப்புத்தகம்; நீங்கள் வசிக்கும் பகுதியினுடையதை எடுங்கள்.

மதுக்கடைகளில் நடக்கும் நாட்டிசை அமர்வுகளுக்குச் சீட்டு இல்லை. ஒரு பானம் வாங்கிக்கொண்டு வட்டத்துக்கு வெளியே உட்காருங்கள், ஆரஞ்சுச் சாறானாலும் சரி. கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். மிருதங்கமோ வயலினோ வாசிப்பவர் என்று தெரிந்தால் அவர்களே உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த விசாவில் கலைஞராக ஊதியத்துக்கு மேடையேறவோ சுயதொழில் செய்யவோ அனுமதி இல்லை. காசு தருகிறோம், வாசியுங்கள் என்று யாராவது சொன்னால், சம்மதிக்கும் முன் பல்கலைக்கழகத்து விசா ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விழாக்களில் தன்னார்வலராக நிற்பதற்கும் இதே விசாரணை செய்துவிடுவது நல்லது. அப்படி நிற்பவர்களுக்கு அன்றைய நுழைவு இலவசம் என்பதால் பலரும் கேட்காமலே பெயர் கொடுத்துவிடுகிறார்கள்.